சுவரின் கனமும் காணியின் உறுதியும்: வன்னி வீட்டின் வெப்பக் காப்பு வரலாறு பற்றிய சில குறிப்புகள்

தமிழர் வரலாற்றை எழுத முற்பட்டோர் சுவர்களை நிறையவே படித்துள்ளனர். ஆயின் அவர்கள் படித்தவை பெரும்பாலும் கோயிற் சுவர்களே. தானமும் வரியும் நிலவெல்லையும் அங்கே கல்லில் வெட்டப்பட்டிருந்தமையால் அச்சுவர்கள் ஆவணங்களாயின. குடியானவனின் வீட்டுச் சுவரில் எழுத்து இல்லை. மண்ணிலிருந்து எழுந்து, இரண்டு மூன்று மாரிகள் கவனிப்பாரற்றுவிடின் மீண்டும் மண்ணோடு மண்ணாகிவிடும் அச்சுவரை எவரும் ஆவணமாகக் கொண்டதில்லை. இக்கட்டுரையிலே வன்னிப் பெருநிலப்பரப்பின் வீட்டுச் சுவரை நாம் ஒரே வினாவுடன் அணுக முனைகின்றோம். வெயிலை வெளியே நிறுத்த யாரால் முடிந்தது, யாரால் முடியவில்லை, அதற்குக் காரணம் யாது?

கட்டடத்தின் சுவரையும் கூரையையும் வெப்பம் ஊடுருவாதவாறு அமைப்பதை வெப்பக் காப்பு என்பர். குளிர்நாடுகளில் அது உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடாது காப்பது. வன்னியில் வெளியிலுள்ள சூட்டை உள்ளே விடாது தடுப்பது. இது பொறியியலாளர்க்குரிய விடயம் என்று ஒதுக்கிவிடுவதே நமது ஆய்வுத்துறையின் வழக்கம். ஆனால் எந்தச் சுவர் எங்கே எழும் என்பதைப் பௌதிக விதிகள் மாத்திரம் தீர்மானிப்பதில்லை. அரை முழக் கனத்தில் மண்சுவர் வைப்பதற்குப் பல நாள் உழைப்பு வேண்டும். நாளை தம்மை எழுப்பிவிடுவார்களோ என்ற அச்சத்துடன் குடியிருப்பவர் அவ்வுழைப்பைச் செலவிடமாட்டார். வன்னியிற் சுவரின் கனம் கட்டியவரின் அறிவை மட்டுமன்றி, அந்நிலத்தில் அவருக்கிருந்த பிடிமானத்தையும் காட்டுவது என்பதே நாம் இங்கு முன்வைக்க விரும்பும் கருத்தாகும்.

வீட்டுச் சுகம் வர்க்கத்தோடு பிணைந்தது என்பதைப் பழந்தமிழ்ப் புலவர் நன்கு அறிந்திருந்தனர். நெடுநல்வாடையின் தொடக்கப் பகுதி இதற்குத் தக்க சான்றாகும். மழையும் வாடையும் சேர்ந்து வருத்தும் அந்நாளிலே, வெள்ளத்துக்கு அஞ்சி ஆநிரையை வேற்றுநிலத்திற்கு ஓட்டிச் சென்ற கோவலர் நடுங்கியபடி நெருப்பைச் சூழ்ந்து நிற்கின்றனர். அதே குளிரில் நகரத்து மாடங்களிலே கதவும் சாளரமும் அடைக்கப்படுகின்றன; விசிறிகள் மடக்கித் தொங்கவிடப்படுகின்றன; சந்தனம் அரைக்கும் கல் வேலையற்றுக் கிடக்கின்றது; தடவிலே நெருப்பு மூட்டப்படுகின்றது. அரண்மனையின் சுவரைப் பாடும்போது புலவர் செம்பை உவமையாகக் கொணர்கிறார். பாட்டுடைத் தலைவனது படைவீரரின் வேலிற் கட்டிய வேம்பை வைத்துக்கொண்டு இது அகமா புறமா என நூற்றாண்டுகளாக விவாதித்த உரைமரபு, அடைத்த கதவுக்கு உள்ளே யார், வெளியே யார் என்பதில் அவ்வளவு அக்கறை காட்டவில்லை. பெரும்பாணாற்றுப்படையும் ஈந்தின் இலை வேய்ந்த எயினர் குடிசை தொடங்கி ஒவ்வொரு மக்கட் பிரிவினரின் இருப்பிடத்தையும் அவற்றின் கூரைப் பொருளைக் கொண்டே வேறுபடுத்திக் காட்டுகின்றது. கூரையைச் சொன்னாலே தொழிலும் நிலையும் விளங்கிவிடும் ஒரு சமூகத்திலிருந்து அப்பாடல்கள் எழுந்தன.

வன்னிக்கு வருவோம். ஏறத்தாழ ஒன்பது பாகை வட அகலாங்கில் அமைந்த இப்பிரதேசத்தில், சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களிலே நண்பகற் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். ஆவணியின் நடுப்பகுதியில் மீண்டும் அவ்வாறு நிற்கும். சூரியன் உச்சியில் நிற்கும் நாட்டில் வெயிலின் பெரும்பகுதியை ஏற்பது சுவரன்று, கூரையே. வன்னியின் பழைய வீடு இவ்வுண்மையை அறிந்து கட்டப்பட்டது. பாலை, முதிரை போன்ற காட்டு மரங்களாற் கப்பும் வளையும் அமைத்து, வைக்கோலாலோ இலுக்கம்புல்லாலோ கிடுகினாலோ தடிப்பாக வேய்வர். கூரையின் தாழ்வாரம் மனிதர் குனிந்து புகும் அளவுக்குக் கீழிறங்கியிருக்கும். குனிந்து புகுவதைப் பணிவின் அடையாளமாக விளக்கும் வழக்கம் உண்டு. நமக்கோ அது சுவரில் வெயில் படாமலும் சாரல் அடிக்காமலும் காக்கும் ஏற்பாடாகவே படுகின்றது.

சுவரை இரு வகையில் எழுப்பினர். தடிகளை நட்டுக் குறுக்கே வரிச்சுக் கட்டி, குழைத்த மண்ணை இருபுறமும் அறைந்து நிரப்புவது ஒன்று. தடியே இல்லாமல் மண்ணைப் படை படையாக வைத்து, ஒரு படை காய்ந்தபின் அடுத்த படையை ஏற்றிச் செல்வது மற்றையது. மண்ணோடு வெட்டிய வைக்கோலைச் சேர்ப்பர். அது காயும்போது வெடிப்பைக் குறைக்கும். புற்றுமண் கிடைக்குமாயின் அதனையே விரும்புவர். கறையான் ஏற்கனவே அரித்துப் பிசைந்து வைத்த நுண்மண் அது. இறுதியிற் சாணமும் மண்ணும் கலந்து மெழுகுவர்.

இங்கே சற்றுப் பௌதிகம் பேசவேண்டியுள்ளது. ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்பதைக் கடத்துதிறன் என்ற அளவால் குறிப்பர். உருக்குக்கு அது ஏறத்தாழ 50. உலர்ந்த மண்சுவருக்கு ஒன்றுக்குக் கீழ். வைக்கோலுக்கு அம்மண்ணினும் பன்மடங்கு குறைவு. வைக்கோலின் உள்ளேயும் இடையேயும் அடைபட்டுக் கிடக்கும் காற்றே அதற்குக் காரணம். ஆகவே வன்னி வீட்டில் வெப்பத்தைத் தடுக்கும் வேலையைச் செய்தது வைக்கோற் கூரை. மண்சுவர் செய்தது வேறொரு வேலை. அது சூட்டைத் தடுப்பதிலும் பார்க்கத் தாமதப்படுத்துகின்றது. ஒன்பது அங்குல மண்சுவரின் வெளிப்புறத்தைத் தாக்கிய வெப்பம் உட்புறத்தை அடைய ஆறு முதல் எட்டு மணித்தியாலம் வரை செல்லும். நண்பகற் சூடு உள்ளே வந்து சேரும்போது இரவாகிவிடும். அப்போது வீட்டார் திண்ணையிலோ முற்றத்திலோ பாய் விரித்திருப்பர். பகலில் உள்ளே, இரவில் வெளியே என்ற இவ்வாழ்க்கைமுறையும் சுவரின் ஒரு பகுதியே எனலாம். பின்னாளில் முற்றத்தில் உறங்க அஞ்சவேண்டிய காலம் வந்தபோது நல்ல மண்சுவரும் தன் பயனிற் பாதியை இழந்தது.

இத்தனையும் சொல்லும்போது மண்வீட்டைப் போற்றிப் பாடும் அபாயம் உண்டு. நகரத்திலே மின்விசிறியின் கீழிருந்து மண்வீட்டின் குளுமையை வியப்பவர்கள், அக்குளுமையை ஆண்டுதோறும் உற்பத்தி செய்தவர் யார் என்று கேட்பதில்லை. மாரிக்கு முன் சுவரின் அடியிற் கரைந்த இடங்களுக்கு மண் அப்புவதும், மாரிக்குப் பின் வெடிப்புகளை அடைப்பதும், வெள்ளி செவ்வாயில் தரையும் திண்ணையும் மெழுகுவதும் பெண்களின் வேலை. அவ்வேலைக்குக் கூலி இல்லை. அது வேலை என்று கணக்கிடப்பட்டதும் இல்லை. அத்துடன் கறையான், பாம்பு, வெள்ளம், தீ ஆகிய நான்கும் இவ்வீட்டின் நிரந்தர விருந்தாளிகள். கல்வீட்டை விரும்பிய வன்னிப் பெண் அறியாமையால் அதை விரும்பவில்லை. தனது உழைப்பு நேரத்தின் பெறுமதியை அறிந்தே விரும்பினாள்.

எனினும் மண்சுவரையேனும் கனமாக வைக்க எல்லோருக்கும் இயன்றதா? 1660 தொடக்கம் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்து, இறுதியில் வன்னியின் தென்மேற்கு ஓரக் காடுகளினூடாக அரிப்புக்குத் தப்பிச் சென்ற ரொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட தமது நூலில் ஒரு செய்தியைப் பதிந்துள்ளார். அந்த இராச்சியத்துக் குடிமக்கள் மாடி எடுக்கவோ, ஓடு வேயவோ, சுவருக்குச் சுண்ணாம்பு பூசவோ அனுமதிக்கப்படவில்லை என்பதே அது. கட்டடப் பொருள் அதிகாரத்தின் சின்னமாய் இருந்தமையால் அது பங்கிடப்பட்டே வழங்கப்பட்டது. யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பிலும் இதன் வேறொரு வடிவத்தைக் காண்கிறோம். ஒடுக்கப்பட்ட சாதியினரிற் பெரும்பாலோர் நிலவுடைமையாளரின் காணியிலே அவர்தம் தயவிற் குடியிருந்தனர். அவர்கள் கல்லால் வீடு கட்ட முனைந்தால் அது உரிமைகோரும் செயலாகவே பார்க்கப்பட்டது. கொட்டிலைப் பிரித்துத் தலையிற் சுமந்துகொண்டு வெளியேறக்கூடிய நிலையில் அவர்களை வைத்திருப்பது அவ்வமைப்பின் தேவையாயிருந்தது. கொட்டிலின் மெல்லிய கிடுகுத் தட்டி வறுமையின் விளைவு மட்டுமன்று. அது நில உறவின் நிபந்தனையுமாகும்.

வன்னியின் நவீன குடியேற்றம் இவ்வுறவுகளின் மீதே கட்டப்பட்டது. இரணைமடுக் குளத்தின் வேலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஆரம்பித்தது. யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்துக்கும் வேலையின்மைக்கும் பரிகாரமாக 1930களில் கிளிநொச்சிக் குடியேற்றம் முன்னெடுக்கப்பட்டது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் குடியேறியவர்க்கு உறுதி வழங்கவில்லை. மக்கள் பேமிற் என்று வழங்கும் உத்தரவுப் பத்திரத்தையே வழங்கியது. பேமிற் காணியை அவர் உழலாம், வாழலாம், விரும்பியவாறு விற்கமுடியாது. அரைகுறை உரிமைதான். எனினும் அது கிடைத்தவரின் சுவர் கனத்தது. மண்சுவர் செங்கட்டியாகி, வைக்கோல் ஓடாகிய வீடுகள் வாய்க்கால் ஓரங்களில் எழுந்தன.

அப்பேமிற் கிடையாதவர் எவர்? மத்திய வகுப்பினருக்கென ஒதுக்கப்பட்ட காணிகளின் சொந்தக்காரர் பலர் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வாழ்ந்தனர். அக்காணிகளைக் காடு வெட்டி வயலாக்கியோரிற் பலர் மலையகத்திலிருந்து வந்த தொழிலாளர். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் துரத்தப்பட்டு வந்த இம்மக்கள், தோட்டத்து லயங்களின் தகரக் கூரையை விட்டுவந்து வன்னியிலே பிறர் காணியின் மூலையிற் கொட்டில் போட்டனர். லயக் காம்பறாவின் சுவராவது தோட்டக் கம்பனியின் கல்லாலானது. இங்கே அதுவும் இல்லை. 1970களில் வவுனியாவை மையமாகக் கொண்டு இயங்கிய காந்தீயம் அமைப்பு இவர்களிற் பலரைக் குடியேற்ற முயன்றது. அந்த முயற்சியின் தனிச்சிறப்பு தானியமோ உடையோ வழங்கியமையன்று. நிலத்தில் ஊன்றி நிற்க உதவியமையே. அம்முயற்சி 1983இல் வன்முறையால் முறியடிக்கப்பட்டது. அதன் தலைவர்களுள் ஒருவரான வைத்தியர் இராஜசுந்தரம் அவ்வாண்டு வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார்.

மண்சுவரின் இன்னொரு இயல்பும் வன்னி வரலாற்றிற் கொடிதாகச் செயற்பட்டது. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வெளிவந்தது. அதன் களம் முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணிமுறிப்பு. அப்பகுதி மக்கள் 1984இல் வெளியேற்றப்பட்டனர். கல்வீடு கைவிடப்பட்டாலும் இடிபாடாக நின்று இங்கே ஒருவர் வாழ்ந்தார் என்று சாட்சி சொல்லும். மண்வீடோ சில மாரிகளிற் கரைந்து, புற்றாகி, காடாகிவிடும். நிலம் யாருடையது என்ற வழக்கு எழும்போது கரைந்த சுவர் பேசுவதில்லை. அத்தகைய ஊருக்கு ஒரு நாவல் எஞ்சியிருப்பது இலக்கியத்தின் பெறுபேறென்றே கொள்ளவேண்டும். ஆயினும் காணிக் கச்சேரி நாவலைச் சான்றாக ஏற்பதில்லை.

போர்க்காலத்தில் சுவரின் வரலாறு தலைகீழாகத் திரும்புகின்றது. 1990களிலே வன்னிக்குள் சீமெந்தும் இரும்பும் செல்வது தடைசெய்யப்பட்டது. 1995இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து பெயர்ந்தவரிற் பெருந்தொகையினர் இப்பெருநிலத்துக்கு வந்து சேர்ந்தனர். பழைய மண்சுவர் மீண்டும் உயிர்பெற்றது. கூடவே வன்னி இதுவரை அறியாத ஒரு கட்டடப் பகுதியும் ஒவ்வொரு வளவிலும் தோன்றியது. அது நிலத்தடி அறை. மக்கள் அதனைப் பங்கர் என்றனர். எழுத்து வழக்கிற் பதுங்குகுழி ஆயிற்று. பனங்குற்றிகளை மேலே அடுக்கி, மண்மூடை பரப்பிய இக்குழிகளின் உள்ளே நண்பகலிலும் தண்மை இருந்தது. சில அடி ஆழத்திலேயே நிலத்தின் வெப்பநிலை பகலிரவு மாற்றத்திலிருந்து விடுபட்டுவிடும் என்ற பௌதிக உண்மை அதற்குக் காரணம். ஆனால் எவரும் குளுமைக்காக அங்கே இறங்கவில்லை. மாரியில் நீர் ஊறி நிற்கும், பாம்பு புகும், குழந்தைகளுக்கு மூச்சுத் திணறும். 2009இன் முதல் மாதங்களில், சுருங்கிக்கொண்டே சென்ற நிலத்துண்டில், மண்மூடைக்குச் சாக்கு இல்லாதபோது பெண்கள் தம் சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்து மணல் நிரப்பினர். திருமணச் சேலையும் அதிற் சென்றது. சுவருக்கு மண் அப்பிய அதே கைகள் அவை. வன்னியில் எழுந்த சுவர்களுள் மிகக் குறைந்த காலம் நின்றவை அச்சேலைச் சுவர்களே.

எஞ்சியோர் செட்டிகுளத்து மெனிக் பாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடாரங்களிலும் தகரக் கொட்டில்களிலும் அடைக்கப்பட்டனர். தறப்பாளின் கனம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அங்கே வெப்பத்தைத் தாமதப்படுத்த எதுவும் இல்லை. அம்முகாமின் பிரிவுகளுக்கு இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் ஆகியோரின் பெயர்களுடன் ஆனந்தக் குமாரசுவாமியின் பெயரும் இடப்பட்டிருந்தது. பழைய கட்டடங்களைப் பேணும்படி 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியவரும், 1908இல் இந்நாட்டின் கைவினைக் கலைகளைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டவருமான அறிஞரின் பெயரைத் தறப்பாள் நகருக்குச் சூட்டிய அதிகாரி அவரைப் படித்திருந்தாரா என்பது நாம் ஊகிக்கவேண்டியதில்லை. 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது.

நிலத்தடி அறை உழைப்பாளருக்குரிய இருப்பிடமாவது வன்னிக்கு மாத்திரம் உரியதன்று. மான்செஸ்டர் நகரத் தொழிலாளர் ஈரம் கசியும் நிலவறைகளில் வாழ்ந்ததை ஏங்கல்ஸ் 1845இல் விரிவாக எழுதினார். 1983க்குப் பின் ரொறொன்ரோவுக்குச் சென்ற ஈழத்தமிழரிற் பலரின் முதலாவது இருப்பிடமும், அவர்கள் பேஸ்மென்ற் என்றே வழங்கும் நிலவறைதான். அங்கே வெப்பத்தின் திசை மாறுகின்றது. உறைந்த நிலத்தைத் தொட்டு நிற்கும் கொங்கிறீற் சுவர் வீட்டின் சூட்டை உறிஞ்சி வெளியே கடத்துகின்றது. அதைத் தடுக்கச் சுவரின் மீது நுரைப் பலகையோ கண்ணாடிப் பஞ்சோ பொருத்துவர். ஆனால் அறையின் ஈரக்காற்று பஞ்சினூடே சென்று குளிர்ந்த கொங்கிறீற்றில் பட்டு நீராகும். பஞ்சு நனைந்து பூஞ்சணம் பிடிக்கும். எனவே ஈரம் எங்கே சேரும் என்பதை அறியாமற் செய்யும் காப்பு காப்பாகாது. சுவருடன் இடைவெளியின்றி ஒட்டிய நுரைப் பலகைக்கு அங்கு முதலிடம் கொடுப்பது இதனாலேயே.

கவனிக்கவேண்டியது என்னவெனில், அந்நாட்டில் இது தனிமனிதரின் பொறுப்பாக மட்டும் விடப்படவில்லை என்பதே. 1973இன் எண்ணெய் நெருக்கடியின் பின், 1977இல், கனடிய அரசு வீடுகளின் வெப்பக் காப்புக்கு மானியம் வழங்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. அரசின் ஊக்கத்துடன் பலர் சுவர்களுக்குள் யூரியா போர்மல்டிகைட்டு நுரையை நிரப்பினர். அதிலிருந்து வெளிப்படும் வாயு உடல்நலத்துக்குக் கேடு என்று கருதி 1980 டிசெம்பரில் அதே அரசு அந்நுரையைத் தடைசெய்தது. எரிபொருள் விலை, இரசாயனக் கைத்தொழில், அரச நிதி மூன்றும் ஒரு வீட்டுச் சுவருக்குள் சந்தித்தன. சுவர் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்போர்க்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. அந்த நிலவறைகளில் வாடகைக்கு இருந்து இரட்டை வேலை செய்தவர் அனுப்பிய பணம் வன்னியிற் சீமெந்து மூடையாக வந்து இறங்கியதையும் இங்கு சேர்த்து நோக்குதல் தகும்.

போருக்குப் பிந்திய வன்னியின் வீடுகளைப் பெருமளவில் தீர்மானித்தது இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டமாகும். 2010இல் அறிவிக்கப்பட்டு, 2012 ஒக்டோபர் 2இல் அதன் பெரும்பகுதி தொடங்கிவைக்கப்பட்டது. பயனாளி ஒருவருக்கு ஐந்து இலட்சத்து ஐம்பதினாயிரம் ரூபா கட்டங் கட்டமாக வழங்கப்பட, அவரே தம் வீட்டைக் கட்டினார். தம் வீட்டைத் தாமே கட்டும் உரிமை சிறிதன்று; அதன் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் சீமெந்து, மணல், மேசன் கூலி ஆகியவற்றின் விலை ஏறிக்கொண்டிருக்க மானியம் நின்ற இடத்திலேயே நின்றது. எஞ்சியதைக் கடன் நிரப்பியது. நகை அடகு வைக்கப்பட்டது. நுண்நிதிக் கம்பனிகளின் முகவர் வாரந்தோறும் படலையைத் தட்டினர். சொந்த வீடு உழைப்பாளரைக் கடனாற் கட்டிப்போடும் என்று ஏங்கல்ஸ் 1872இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதியபோது அவர் மனத்திலிருந்தது ஜேர்மனி. கிளிநொச்சியின் பெண் குடும்பத்தலைவிகள் அதை நூலிற் படிக்கவேண்டியிருக்கவில்லை.

அவ்வாறு எழுந்த வீடு வெப்பத்தை எவ்வாறு எதிர்கொண்டது? சீமெந்துக்கல் மண்ணைவிடக் கூடுதலாக வெப்பத்தைக் கடத்தும். சுவரின் கனமோ பழைய மண்சுவரிலும் குறைவு. பணம் கூரைமட்டம் வரும்போது தீர்ந்துவிடுவதால், ஓட்டுக்குப் பதிலாக அஸ்பெஸ்ரஸ் அல்லது தகரம் ஏறும். உச்சிச் சூரியன் உள்ள நாட்டில் பணம் முடிந்துபோகும் இடமும் வெயில் முதலில் விழும் இடமும் ஒன்றாயிருப்பது துர்ப்பாக்கியமே. பழைய வீட்டின் தாழ்ந்த தாழ்வாரமும் திண்ணையும் சதுர அடிக் கணக்கில் இடம்பெறாமையால் பலவற்றில் இல்லாதொழிந்தன. ‘நிரந்தர வீடு’ என்ற சொல்லாட்சி பொருளின் ஆயுளைக் குறித்ததேயன்றி, உள்ளே வாழ்வோரின் உடலைக் குறிக்கவில்லை.

இப்போக்கின் உச்சத்தை உருக்கு வீட்டுத் திட்டத்திற் கண்டோம். 65,000 முன்தயாரிப்பு உருக்கு வீடுகளை வடக்கிலும் கிழக்கிலும் நிறுவ ஆர்சலர்மிட்டல் என்னும் பன்னாட்டு உருக்குக் கம்பனியைத் தெரிவுசெய்ய அரசு முனைந்தது. 2016இல் இது பெரும் விவாதமாயிற்று. வீடொன்றின் விலை இருபது இலட்சம் ரூபாவைக் கடந்தது. அத்தொகையில் ஏறத்தாழ இரண்டு கல்வீடுகள் கட்டலாம் என்று பொறியியலாளரும் பொருளியலாளரும் எடுத்துக்காட்டினர். காற்றோட்டம் போதாது, வெப்பமான காலநிலைக்கு ஒவ்வாது, துருப்பிடிக்கும், விறகடுப்புக்கு இடமில்லை, உள்ளூர் மேசனும் தச்சனும் அதைத் திருத்தவோ பெருப்பிக்கவோ இயலாது என்பன முன்வைக்கப்பட்ட ஏனைய குறைகள். தமிழ்ப் பிரதிநிதிகளும் குடிமக்கள் அமைப்புகளும் எதிர்த்தமையால் அத்திட்டம் அறிவிக்கப்பட்ட அளவில் நிறைவேறவில்லை. வெப்பம் பற்றிய எதிர்ப்பை அதிகாரிகள் இரசனை வேறுபாடாகவே கருதினர் போலும். உருக்கை வெப்பம் கடவாததாக்க இறக்குமதி செய்த நுரை வேண்டும். அந்நுரையைப் பழுதுபார்க்க மீண்டும் இறக்குமதி வேண்டும். வைக்கோல் இலவசமாகச் செய்த வேலை அந்நியச் செலாவணியாக மாறும். நெடுநல்வாடைப் புலவர் சுவருக்குச் செம்பை உவமையாக மட்டுமே கூறினார். செம்பினாற் சுவர் எழுப்பும்படி எவரும் அவரிடம் ஒப்பந்தம் கேட்கவில்லை.

மண்ணுக்குத் திரும்புங்கள் என்று சொல்வதும் விடையாகாது. எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹி 1940களில் புதிய கூர்னா என்னும் ஊரை மண்கல்லால் எழிலுற அமைத்தார். ஆனால் பழைய ஊரைவிட்டு அங்கே குடிபெயரக் கிராமத்தவரிற் பெரும்பாலோர் மறுத்துவிட்டனர். அவர்களின் பிழைப்பு பழைய ஊரிலேயே இருந்தது. சுவர் நல்லதாயிருந்தும், அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவர் அதனுள் வாழப்போகிறவராய் இருக்கவில்லை. இலங்கையிலும் மண்ணோடு சிறிதளவு சீமெந்து சேர்த்து அழுத்திச் செய்யும் கல்லுக்கு எஸ்.எல்.எஸ். 1382 என்னும் தேசியத் தரம் 2009இல் வகுக்கப்பட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தார் இத்துறையில் நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். ஆண்டுதோறும் மண் அப்பும் பெண்ணின் கூலியற்ற உழைப்பை இக்கல் பெருமளவு நீக்கும். செங்கட்டிச் சூளைக்கு வேண்டிய விறகையும் மீதப்படுத்தும். வன்னியிற் சில இடங்களில் இது பயன்படுத்தப்பட்டும் உள்ளது. ஆனால் ‘மண்’ என்ற சொல்லிலே கொட்டிலின் இழிவு ஒட்டியிருப்பதால் அதை ஏற்கத் தயங்குவோர் பலர். அத்தயக்கத்தை மூடத்தனம் என்று கொள்ளலாகாது. கல்வீடு மறுக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகளிடம் மண்ணின் கடத்துதிறனைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை.

தகரக் கூரையின் கீழ் வாழ்வோர் வெப்பத்தை மின்சாரத்தாற் கடக்க முயல்கின்றனர். 75 வாற்று மின்விசிறி ஒன்று நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலம் சுழன்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 22 அலகு செலவாகும். குறைந்த நுகர்வோருக்குரிய முதற் படி 30 அலகு. அதாவது ஒரேயொரு விசிறி அப்படியின் முக்காற் பங்கை உண்டுவிடும். இரண்டாவது விசிறி வந்தால் அக்குடும்பம் அடுத்த படிக்கு ஏறிவிடும். பொருளாதார நெருக்கடியின்போது 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் மின்கட்டணம் உயர்த்தப்பட்டது. பின்னர் அது இறங்கியும் ஏறியும் வந்துள்ளது. கூரையிற் போடாத வைக்கோலுக்கு மாதந்தோறும் மின்பட்டியலில் விலை கொடுக்கப்படுகின்றது.

இவை வீடு கிடைத்தவரின் கதை. போருக்குப் பிந்திய திட்டங்கள் பெரும்பாலும் காணி உரிமையைக் காட்டும் பத்திரத்தை வேண்டின. கிளிநொச்சியின் மத்திய வகுப்புக் காணிகளிற் பல பதின்ம ஆண்டுகள் வாழ்ந்த மலையக வழிவந்த குடும்பங்களிற் பலருக்கு அப்பத்திரம் இல்லை. காடு வெட்டியதற்கும் வயல் விதைத்ததற்கும் பிள்ளை பெற்றதற்கும் சாட்சிகள் உண்டு, பேமிற் இல்லை. உறுதி இல்லாதபடியால் வீட்டு மானியம் இல்லை. மானியம் இல்லாதபடியாற் கனத்த சுவர் இல்லை. வெளிநாட்டிலுள்ள காணிச் சொந்தக்காரர் வந்து கேட்டாற் பிரித்தெடுக்கக்கூடிய விதமாகவே தகரமும் தறப்பாளும் தடிகளில் கட்டப்படுகின்றன. அவ்வீடுகளில் ஆணி அடிப்பதைக்கூடத் தவிர்த்துக் கயிற்றாற் கட்டுவோர் உளர். கயிற்றை அவிழ்த்தாற் தகரம் பழுதாகாது.